மிச்ச மரமும் கடை அலமாரியும்: பட்டறை நாட்குறிப்பு

ஜூன் 8

வேலைக்கு எடுத்திருப்பது, கடையிலிருந்து தனித்தனிப் பலகைகளாக வந்து வீட்டில் பூட்டிக்கொள்ளும் ரகப் புத்தக அலமாரி. மிச்ச மரத்தைக் கொண்டு இதை வலுப்படுத்துவதுதான் வேலை. உயரம் 1800 மி.மீ., அகலம் 830, ஆழம் 280. பலகை 16 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்துகள்களைப் பசையோடு அழுத்திச் செய்தது, மேலே வெள்ளை மெலமைன் தாள். முதுகில் 3 மி.மீ. ஹார்ட்போர்டு, அதுவும் சின்ன ஆணிகளில்.

பிரிக்கும் முன் சோதனை. மேல் மூலையைப் பக்கவாட்டில் தள்ளினால் ஆடுகிறது. மூலைக்கு மூலை குறுக்காக அளந்தால் இரண்டு அளவுக்கும் 6 மி.மீ. வித்தியாசம். தட்டின் இரு முனைக்கும் நூல் பிடித்து நடுவில் அளந்தால் 7 முதல் 9 மி.மீ. தொய்வு. பக்கப் பலகைகளின் அடி விளிம்பு, தரை துடைக்கும் ஈரத்தைக் குடித்து ஊதியிருக்கிறது. பலகைகளை மூலையில் பூட்டும் வட்டத் திருகுகளான கேம் லாக்குகளில் இரண்டு, எவ்வளவு திருகினாலும் பிடிக்கவில்லை.

மிச்சப் பலகையை முகம் முழுக்க ஒட்டி மறைத்தால் படத்தில் அழகாக இருக்கும். ஆனால் மேலே சொன்ன நான்கு குறைகளில் ஒன்றுகூடத் தீராது, எடைதான் ஏறும். அதோடு, அகலமான மரப்பலகை காற்றின் ஈரத்துக்கு ஏற்ப இழைக்குக் குறுக்கே விரிந்து சுருங்கும். 300 மி.மீ. அகலப் பலகை பருவம் மாறும்போது 3 மி.மீ. வரைகூட அசையலாம். பார்ட்டிகிள் போர்டு அந்த அளவுக்கு அசையாது. இரண்டையும் முழுப் பரப்பில் ஒட்டினால் ஒன்று வெடிக்கும், இல்லையென்றால் வளையும். பட்டையாக அறுத்து ஒட்டினால் இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் இழை ஓடும் திசையில் மரம் அசைவதே அபூர்வம். ஆகவே எல்லாமே பட்டைகள்தான்.

ஜூன் 9

மரம் பொறுக்கும் நாள். கதவு நிலையில் மிஞ்சிய தேக்கு, பழைய கட்டிலின் குறுக்குச் சட்டங்கள், 6 மி.மீ. பிளைவுட் துண்டுகள், சரக்கு ஏற்றிவரும் பேலட் பலகைகள்.

பேலட்டில் முத்திரையைப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. எச்.டி. (HT) என்றிருந்தால் வெப்பம் ஏற்றியது: மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருந்திருக்கும். எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, அது வீட்டுக்குள் வேண்டாம். முத்திரையே இல்லாததையும், எண்ணெய்க் கறை உள்ளதையும் ஒதுக்கிவிடலாம்.

ஒவ்வொரு கட்டையின் மேலும் காந்தத்தை ஓட்ட வேண்டும். தலை உடைந்து உள்ளே தங்கிய ஓர் ஆணி போதும், ரம்பத்தின் பல்லைத் தின்றுவிடும். ஊசிமுனை அளவு வட்டத் துளையும், தட்டினால் மாவு போலக் கொட்டும் தூளும் இருந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. அந்தக் கட்டையை உலர வைப்பதற்குக்கூட மற்றவற்றோடு சேர்க்காதீர்கள்.

நல்லவற்றை அலமாரி நிற்கப்போகும் அறையிலேயே, இடையிடையே குச்சி வைத்து அடுக்கியாயிற்று. அடையாளத்துக்கு ஒரு கட்டையை எடை போட்டு அதன் மேலேயே எழுதிவைத்தேன். எடை குறைவது நின்றால்தான் அறுவை. ஈரமரத்தில் செய்த பட்டை ஒட்டிய பிறகு சுருங்கி, முனைகளில் சந்து விடும்.

ஜூன் 23

எடை நின்றுவிட்டது. அறுத்து இழைத்த கணக்கு: தட்டுகளின் முன்னால் 20 × 40 மி.மீ. பட்டை, பின்னால் அடியில் 20 × 30, பக்கப் பலகைகளின் முன் விளிம்புக்கு 20 × 20, அடிச்சட்டத்துக்கு 40 × 60.

20 × 40 பட்டையை நிறுத்தி ஒட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. விறைப்பு உயரத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். அதே பட்டையைப் படுக்க வைத்தால் கிடைப்பதைப் போல நான்கு மடங்கு, நிறுத்தினால் கிடைக்கும். பார்ட்டிகிள் போர்டைவிட மரமே பல மடங்கு விறைப்பானது என்பதையும் சேர்த்தால், இந்த ஒற்றைப் பட்டை 280 மி.மீ. அகலத் தட்டு முழுவதையும்விடச் சுமார் ஐந்து மடங்கு விறைப்பு. முடிச்சு உள்ள துண்டைத் தட்டுக்குப் போடாதீர்கள், அடிச்சட்டத்துக்கு ஒதுக்குங்கள். பட்டையின் கீழ் விளிம்பில் நடுவில் முடிச்சு வந்தால் அங்கேதான் உடையும்.

ஜூன் 25

தளர்ந்த துளைகள். தீக்குச்சியும் பசையும் திணிப்பது சில மாதம் தாங்கும். துளையை 8 மி.மீ.க்குச் சுத்தமாகத் துளைத்து, அதில் கடின மரக் குச்சியைப் பசையோடு அடித்து இறக்கி, ஒருநாள் விட்டு, புதிதாக வழித்துளை போடுவதே சரி. 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 2.5 மி.மீ. துளை. இதில் ஒரு நுணுக்கம்: குச்சியின் நீளவாக்கில் ஸ்க்ரூ இறங்கினால் இழைகளுக்கு நடுவே புகுவதால் பிடிப்பு குறைவு. பலகை முகத்திலிருந்து இழைக்குக் குறுக்காக வெட்டியெடுத்த அடைப்பு இன்னும் இறுகப் பிடிக்கும். அதிகம் இழுபடும் மேல் மூலைகளுக்கு அதைத்தான் போட்டிருக்கிறேன்.

பிறகு முதுகு. ஹார்ட்போர்டைக் கழற்றிவிட்டு 6 மி.மீ. பிளைவுட். ஒரே தாளாகக் கிடைக்காததால் இரண்டு துண்டு, சேர்க்கை நிலையான நடுத்தட்டின் மேல் வருமாறு. முதலில் ஒரு விளிம்பை மட்டும் ஸ்க்ரூ போட்டு, மூலைக்கு மூலை அளந்து, இரண்டும் ஒன்றாகும் வரை தள்ளி, அதன் பிறகே மற்ற விளிம்புகள். 3.5 × 25 மி.மீ. ஸ்க்ரூ, 150 மி.மீ. இடைவெளி, விளிம்புப் பலகையின் நட்டநடுவில். ஓரத்துக்கு விலகினால் பார்ட்டிகிள் போர்டு பக்கவாட்டில் பிளக்கும். மின்திருகியை வேகமாக ஓட்டக் கூடாது. தலை பதிந்த பிறகு அரைச்சுற்று கூடினாலே உள்ளே தூளாகிவிடும்.

ஆட்டம் இன்றோடு நின்றது. வேறெதற்கும் நேரமில்லாதவர்கள் இந்த ஒரு வேலையையாவது செய்யலாம்.

ஜூன் 29

தட்டுகள். முன் விளிம்பின் மெலமைன் நாடா சூட்டுப் பசையில் ஒட்டியது. மேலே காகிதம் வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஓட்டி, பட்டித் தகட்டால் நெம்பினால் உரிந்து வரும். அதை உரிக்காமல் வெள்ளை மரப்பசை பூசுவது வீண். பசை பிடிக்க நுண்துளை வேண்டும், மெலமைனில் அது கிடையாது.

விளிம்பு அறுத்த பக்கம் என்பதால் பசையை உறிஞ்சித் தள்ளும். முதலில் ஒரு மெல்லிய பூச்சு, பத்து நிமிடம் கழித்து இரண்டாவது, உடனே பட்டை. உறிஞ்சுகிறதே என்று பசையில் தண்ணீர் கலக்காதீர்கள், விளிம்பு ஊதிவிடும்.

தொய்ந்த தட்டைக் கவிழ்த்து, வயிறு மேலே வருமாறு வைத்துத்தான் பட்டை ஒட்ட வேண்டும். 150 முதல் 200 மி.மீ.க்கு ஒரு கிளாம்ப். நடுவிலிருந்து இரு முனைக்கும் இறுக்கிக்கொண்டு போனால் தட்டு பட்டையோடு நேராகும். பட்டையின் மேல் விளிம்பு தட்டின் மேல்மட்டத்தோடு சமமாக, மீதி 24 மி.மீ. கீழே தொங்கும். பிதுங்கிய பசையை ஈரத்துணியால் துடைத்தால் இழைக்குள் புகுந்து, வார்னிஷ் அடிக்கும்போது திட்டாகத் தெரியும். அரைமணி கழித்து, கெட்டி ஜெல்லியாக இருக்கும்போது உளியால் சீவினால் சுத்தமாக வரும்.

முன்னால் மட்டும் பட்டை போட்டால் பின்பக்கம் தொய்ந்து தட்டு முறுக்கிக்கொள்ளும். அதனால் பின் விளிம்புக்கு அடியில் 20 × 30 பட்டை. ஒட்டும் இடத்தில் மட்டும் மெலமைனை 80ஆம் நம்பர் உப்புத்தாளால் பழுப்பு தெரியும் வரை தேய்த்து, பசை. இரு முனையிலும் 25 மி.மீ. குறைத்து வெட்டுங்கள், தட்டைத் தாங்கும் முளைகளுக்கு இடம் வேண்டும்.

ஜூன் 30

பக்கப் பலகைகளுக்கு 20 × 20. உட்பக்கம் பலகையோடு சமம், வெளிப்பக்கம் 4 மி.மீ. துருத்தும். அதை இழைப்புளியால் எடுத்துவிடலாம். உள்ளே துருத்தினால் தட்டுகளை முன்பக்கமாக வெளியே எடுக்க முடியாது.

ஜூலை 6

ஊதிய அடி விளிம்பு மறுபடி சுருங்காது. உள்ளே அழுத்திவைத்த மரத்துகள்கள் பசையை விட்டுப் பிரிந்துவிட்டன. இரு பக்கமும் 25 மி.மீ. அறுத்துத் தள்ளியாயிற்று, நல்ல பலகை தெரியும் வரை. அறுக்கும்போது முகக்கவசம் அவசியம். அந்தத் தூளில் பசையும் சேர்ந்திருக்கிறது. வெட்டுமுனைக்கு மூன்று பூச்சு வார்னிஷ், ஒவ்வொன்றும் உலர்ந்த பின்.

அதன் கீழே 40 × 60 சட்டத்தால் செவ்வகம், மூலைகளில் பாதிக்குப் பாதி வெட்டிப் பொருத்தியது. பலகையின் எடை முழுவதும் சட்டத்தின் மேல் உட்கார வேண்டும். கால்களைத் தனித்தனியாகப் பார்ட்டிகிள் போர்டில் திருகினால், அலமாரியை ஒருமுறை இழுத்து நகர்த்தும்போதே பிய்ந்து வரும்.

ஜூலை 7

உப்புத்தாள் 120, 180, 220. பட்டைகளுக்கு ஆளி விதை எண்ணெய், பதினைந்து நிமிடம் ஊறவிட்டு மிச்சத்தைத் துடைத்தாயிற்று. துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் உலரும்போது வெளிவரும் சூட்டில் தானே தீப்பிடிக்கும். வெளியே விரித்துப் போட்டு, விறைத்துக் காய்ந்த பிறகு குப்பைக்கு.

வெள்ளைப் பரப்பை அப்படியே விட்டிருக்கிறேன். பெயின்ட் வேண்டுமென்றால் 220ல் பளபளப்பு போகத் தேய்த்து, மெலமைனில் பிடிக்கும் பிரைமர் ஒரு கை அடித்துவிட்டுத்தான் நிறம். நேரடியாக அடித்தால் நகம் பட்டாலே உரியும்.

ஜூலை 21

புத்தகம் ஏற்றி, இரண்டு வாரம் கழித்து நூல் பிடித்து அளந்த கணக்கு: எந்தத் தட்டிலும் முன்பக்கத் தொய்வு 1 மி.மீ.க்குள். பின்பக்கம் சற்றுக் கூடுதல், கண்ணுக்குத் தெரியவில்லை. பார்ட்டிகிள் போர்டு சுமையில் மாதக்கணக்கில் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும் பொருள் என்பதால் இன்னொரு முறை அளக்க வேண்டும்.

தட்டுகளின் முன்னால் மரம் சேர்ந்ததால் முன்பாரம் கூடியிருக்கிறது. சுவரில் கட்டாமல் விடக் கூடாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் நிச்சயமாகக் கூடாது. 6 மி.மீ. முதுகுப் பலகை வழியாக மட்டும் போகும் ஸ்க்ரூ இழுத்தால் கிழித்துக்கொண்டு வரும். மேல்தட்டின் அடியில், முதுகோடு சேர்த்து, இரு பக்கப் பலகைகளையும் தொடும்படி மிஞ்சிய 20 × 40 பட்டை ஒன்றை ஒட்டித் திருகி, அதன் வழியாக, சுவரைத் துளைத்துச் செருகிய அடைப்புகளுக்குள் இரண்டு 5 × 80 மி.மீ. ஸ்க்ரூ. தலைக்கு அடியில் அகலமான வாஷர்.