கோவிராஜகேசரியா, கோப்பரகேசரியா? சோழர் பட்டப்பெயர்களைப் படிக்கும் முறை

கோயிலுக்குப் போகிறவர்கள் இப்போது கல்வெட்டையும் படம் எடுத்து வருகிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் படத்தின் கீழே எழுதும் குறிப்பில் ஒரே தவறு திரும்பத் திரும்ப வருகிறது. 'கோவிராஜகேசரி' என்று கண்டால் ராஜராஜன், 'கோப்பரகேசரி' என்று கண்டால் ராஜேந்திரன் என்று எழுதிவிடுகிறார்கள். இந்த இரண்டும் ஆளின் பெயரே கிடையாது. அரியணைக்கு வருகிறவர்கள் மாற்றி மாற்றிச் சூடிக்கொண்ட பட்டங்கள்.

விஜயாலயன் பரகேசரி, மகன் முதலாம் ஆதித்தன் ராஜகேசரி, பேரன் முதலாம் பராந்தகன் பரகேசரி. இப்படியே மூன்றாம் ராஜேந்திரன் வரை, ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் போகிறது. ஆகவே வெறும் 'கோவிராஜகேசரி பன்மர்க்கு யாண்டு 5ஆவது' என்று மட்டும் இருந்தால் அது முதலாம் ஆதித்தன், கண்டராதித்தன், சுந்தர சோழன், ராஜராஜன் என நாலு பேரில் யாராகவும் இருக்கலாம். (பன்மர் என்பது வர்மர் என்பதன் தமிழ் வடிவம்.) எழுத்தமைதி, ஊர்ச்சபைப் பெயர்கள், கொடை கொடுத்தவர் வேறு எங்கே வருகிறார் என்பதையெல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பட்டம் மட்டும் போதாது.

இந்த வரிசை இரண்டு இடங்களில் தடுக்கும். ஆதித்த கரிகாலன் பரகேசரி. அடுத்து வரும் உத்தம சோழனும் பரகேசரி. அதே போல முதலாம் ராஜாதிராஜன் ராஜகேசரி, தம்பி இரண்டாம் ராஜேந்திரன் பரகேசரி, அவன் மகன் ராஜமகேந்திரன் ராஜகேசரி, அடுத்து வந்த வீரராஜேந்திரனும் ராஜகேசரி. காரணம் ஒன்றுதான். இளவரசுப் பட்டம் கட்டும்போதே இந்தப் பெயரையும் கொடுத்துவிடுவார்கள். ஆதித்த கரிகாலனும் ராஜமகேந்திரனும் தனியாட்சிக்கு வருமுன்பே இறந்துபோனார்கள். அவர்கள் விட்டுப்போன பட்டத்தை அடுத்து வந்தவர் எடுத்துக்கொண்டார். இதைத் தெரிந்துகொள்ளாமல் எண்ணினால் அதற்குப் பிறகு வரும் எல்லா அரசருக்கும் பட்டம் மாறிப்போகும்.

அடுத்து 'கொண்ட' என்ற சொல். பட்டத்துக்கு முன்னால் வெற்றியைச் சேர்ப்பது வழக்கம். இங்கேதான் பெரிய பொறி இருக்கிறது, ஏனென்றால் மூன்று பரகேசரிகள் பாண்டியனை வைத்தே அடையாளம் சொல்கிறார்கள். 'மதிரை கொண்ட கோப்பரகேசரி' முதலாம் பராந்தகன். பின்னாளில் 'மதிரையும் ஈழமும் கொண்ட' என்று நீளும். 'பாண்டியன் தலை கொண்ட கோப்பரகேசரி' ஆதித்த கரிகாலன். 'மதுரையும் பாண்டியன் முடித்தலையும் கொண்டருளிய' என்றால் மூன்றாம் குலோத்துங்கன். முதல் ஆள் 907இல் பட்டத்துக்கு வந்தவன், கடைசி ஆள் 1178இல். பிரித்தறிய ஒரு எளிய வழி: 'திரிபுவனச் சக்கரவர்த்திகள்' என்ற தொடர் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது முதலாம் குலோத்துங்கன் காலம் தொட்டு வருவது. அதற்கு முந்தைய அரசர்களுக்குப் பொதுவாக 'உடையார்' என்றுதான் இருக்கும். ஆனால் பிற்காலப் பாண்டியர்களும் 'திரிபுவனச் சக்கரவர்த்திகள்' என்றே எழுதிக்கொண்டார்கள். கூடவே 'கோச்சடையபன்மர்' அல்லது 'கோமாறபன்மர்' என்று இருந்தால் அது பாண்டியர் கல்வெட்டு. 'கோனேரின்மை கொண்டான்' என்று தொடங்கும் அரசாணைகள் இன்னும் சிரமம். இரு குலத்தாரும் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்தத் தொடரை மட்டும் வைத்து எந்த அரசன் என்று சொல்ல முயலவே கூடாது.

மெய்க்கீர்த்தி (கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் புகழைச் சொல்லும் பகுதி) இருந்தால் வேலை எளிது. அதன் முதல் சொற்களைப் பாருங்கள். 'திருமகள் போல' ராஜராஜன், 'திருமன்னி வளர' ராஜேந்திரன், 'திங்களேர் தரு' ராஜாதிராஜன், 'வீரமே துணையாகவும்' வீரராஜேந்திரன், 'புகழ்மாது விளங்க' முதலாம் குலோத்துங்கன். தொடக்கம் சிதைந்திருந்தால் நடுவில் 'காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி' என்ற தொடரைக் கண்டதும் ராஜராஜன் என்று அவசரப்படாதீர்கள்; ராஜாதிராஜன் மெய்க்கீர்த்தியிலும் காந்தளூர்ச் சாலை வருகிறது.

ஆட்சியாண்டைக் கணக்கிடும்போது ஒன்றைக் கழிக்க மறக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் தூபியில் வைக்கச் செப்புக்குடம் கொடுத்தது 25ஆம் ஆண்டு 275ஆம் நாள். ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985இன் நடுப்பகுதி. முடிந்த ஆண்டு 24, அதோடு 275 நாள். 1010இன் முற்பகுதியில் வந்து நிற்கும். ஒன்றைக் கழிக்காவிட்டால் 1011 ஆகிவிடும். இணையாட்சி இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ராஜாதிராஜனின் ஆண்டை 1018இலிருந்து எண்ண வேண்டும். அப்போது தந்தை ராஜேந்திரன் உயிரோடு ஆண்டுகொண்டிருந்தான், 1044 வரை.

இறந்த அரசரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாமல் இறந்த இடத்தை வைத்துச் சொல்வதும் ஒரு மரியாதை. 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' சுந்தர சோழன். 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்' அரிஞ்சயன். அவனுக்காக மேல்பாடியில் ராஜராஜன் எடுத்த பள்ளிப்படை (இறந்தவர் நினைவாக எழுப்பும் கோயில்) இன்றும் நிற்கிறது. 'மேற்கெழுந்தருளின தேவர்' கண்டராதித்தன். 'யானைமேல் துஞ்சின' என்றால் மட்டும் இரண்டு பேர். 949இல் தக்கோலத்தில் விழுந்த ராஜாதித்தன், 1054இல் கொப்பத்தில் விழுந்த ராஜாதிராஜன். துஞ்சின என்ற சொல்லுக்கு உறங்கிய என்று பொருள். போர்க்களத்துச் சாவையும் இவ்வளவு மென்மையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அரச குடும்பத்துப் பெண்களின் பெயர்களை ஆற அமரப் படிக்க வேண்டும். தஞ்சைக் கல்வெட்டில் ஒரு வரி: 'உடையார் ஸ்ரீராஜராஜதேவர் திருத்தமக்கையார் வல்லவரையர் வந்தியதேவர் மஹாதேவியார் ஆழ்வார் பராந்தகன் குந்தவையார்'. முதலில் யாருக்கு அக்காள், அடுத்து யாருக்கு மனைவி, பிறகு 'ஆழ்வார்' என்ற மதிப்புச் சொல், பிறகு தந்தை பெயர். இங்கே பராந்தகன் என்பது சுந்தர சோழன். அவன்தான் இரண்டாம் பராந்தகன். கடைசியில்தான் அவர் பெயர் வருகிறது. தம்பி பெயரும் கணவர் பெயரும் இருப்பதால்தான் ராஜராஜன் மகளான இன்னொரு குந்தவையிலிருந்து, வேங்கி விமலாதித்தனை மணந்தவரிலிருந்து, இவரைப் பிரித்தறிய முடிகிறது. அந்த விமானக் கல்வெட்டில் ராஜராஜன் 'நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்' என்று வெட்டச் சொல்கிறான். தனக்கு அடுத்த இடம் அக்காளுக்கு. அரசியருக்கு முன்னால் அவர். எத்தனை முறை படித்தாலும் மனம் நிறையும் வரி அது.

அரசியருக்கு 'நம்பிராட்டியார்' என்ற சொல் பொது. செம்பியன் மாதேவியை 'உத்தம சோழரைத் திருவயிறு வாய்த்த உடைய பிராட்டியார்' என்பார்கள். 'உலகமுழுதுடையாள்', 'புவனமுழுதுடையாள்', 'அவனிமுழுதுடையாள்' ஆகியவை பட்டத்தரசிக்கான பட்டங்கள், ஒருத்தியின் இயற்பெயர் இல்லை. வெவ்வேறு அரசர்களோடு இவை வருவதைக் கண்டு ஒரே அரசி என்று நினைத்துவிடக் கூடாது.

தந்தை பெயர் முன்னால் வரும் என்ற விதியை விட்டுவிட்டால் ஆளே மாறிப்போவார். 'மதுராந்தகன் கண்டராதித்தன்' என்பவர் ராஜராஜன் காலத்தில் கோயில் கணக்குகளை விசாரித்தவர். கண்டராதித்தன் என்ற பெயரைப் பார்த்து செம்பியன் மாதேவியின் கணவர் என்று எழுதுகிறவர்கள் உண்டு. மதுராந்தகனின், அதாவது உத்தம சோழனின் மகன் இவர். அரியணை கிடைக்காத கிளையின் பிள்ளை, அரசாங்க வேலையில் இருந்திருக்கிறார்.

குடும்பத்துக்குள் பட்டம் பகிர்ந்ததை இரண்டாம் ராஜேந்திரன் மெய்க்கீர்த்தி விரிவாகவே சொல்கிறது. சிறிய தந்தைக்கு 'இருமுடிச் சோழன்', தம்பியரில் மும்முடிச் சோழனுக்கு 'சோழ பாண்டியன்', வீரசோழனுக்கு 'கரிகாலச் சோழன்', மதுராந்தகனுக்கு 'சோழ கங்கன்'. மகன்களும் பேரன்களும் தொடர்கிறார்கள். இதில் 'சோழ பாண்டியன்' பொறுப்பையும் குறிக்கும் பட்டம். மதுரையை ஆள அனுப்பிய இளவரசர்கள் அங்கே போனதும் ராஜகேசரி, பரகேசரியை விட்டுவிட்டு, பாண்டியர் வழக்கப்படி சடையவர்மன், மாறவர்மன் என்று மாற்றிக்கொண்டார்கள். ராஜேந்திரன் மகன் சடையவர்மன் சுந்தர சோழ பாண்டியனின் கல்வெட்டைப் பாண்டியர் கல்வெட்டு என்று வகைப்படுத்தினால் அது பிழை.

இன்னொரு பக்கத்தில், 'மும்முடிச்சோழ பிரம்மராயன்', 'ராஜேந்திரசோழ மூவேந்தவேளான்' போன்றவை அரச குடும்பத்தார் அல்ல. அரசன் பெயரை முன்னொட்டாகப் பெற்ற அதிகாரிகள். தஞ்சையில் திருச்சுற்று மாளிகை எடுத்த சேனாபதி கிருஷ்ணன் ராமன் மும்முடிச்சோழ பிரம்மராயன்தான். கடைசிச் சொல்லைப் பாருங்கள்: பிரம்மராயன், மூவேந்தவேளான், பேரரையன், மாராயன் என்று முடிந்தால் அதிகாரி.

பட்டங்கள் ஆள்களோடு நிற்கவில்லை. ஈழம் மும்முடிச் சோழமண்டலம் ஆனது, தொண்டை நாடு ஜயங்கொண்ட சோழமண்டலம் ஆனது. க்ஷத்ரியசிகாமணி, பாண்டியகுலாசனி, நித்தவிநோதன் என்ற ராஜராஜன் விருதுகள் வளநாடுகளின் பெயர்களாயின. தஞ்சைக் கோயிலில் நெல் அளந்த மரக்காலுக்கு 'ஆடவல்லான்' என்று பெயர். அதன் அளவு என்ன என்று கல்வெட்டு சொல்கிறது: 'ராஜகேசரி' என்ற அளவையோடு ஒக்கும்.