சந்தா நின்ற பிறகு கையில் என்ன இருக்கும்?

ஆய்விதழ்களின் சந்தா பெரும்பாலும் ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்கிடப்படுவதால், வடகிழக்குப் பருவமழை உதகையை நனைக்கத் தொடங்கும் அக்டோபர் மாதத்திலேயே நாங்கள் அடுத்த ஆண்டுக்கான பட்டியலை எடுத்துவைத்து உட்கார்ந்துவிடுவோம். பல்கலைக்கழக நூலகத்தின் பருவ இதழ்ப் பிரிவில் இருப்பவர்களுக்கு, அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் ஒரே கேள்விதான்: இந்த இதழை அச்சில் வாங்குவதா, மின்வடிவில் வாங்குவதா? இளைய ஆசிரியர்கள் பலருக்கு இது முடிந்துபோன விவாதம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மின்னிதழின் பயனை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். வெளிநாட்டு இதழ் ஒன்று கப்பல் தபாலில் வந்து, மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறி எங்கள் மேசையை அடைவதற்குள் அதிலிருந்த செய்தி பழையதாகியிருக்கும். இடையில் ஓர் இதழ் வராமல் போய்விட்டால், முகவருக்குக் கடிதம் எழுதியே மாதங்கள் ஓடிவிடும். இன்று கோத்தகிரிக்கு அப்பால் ஒரு ஹட்டியில் (படுகர் சிற்றூரில்) இருக்கும் ஆய்வு மாணவி, நூலகக் கணக்கின் கடவுச்சொல்லைக் கொண்டு வீட்டிலிருந்தே கட்டுரையை எடுத்துக்கொள்கிறார். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்தால் அதுவும் நின்றுவிடும் என்றாலும், பேருந்து ஏறி வந்து திரும்புவதைவிட அது எளிது.

காகிதத்திற்கு இந்த மலைக்காற்று உகந்ததன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு பருவமழைகளும் இங்கே பெய்கின்றன. ஜூன், ஜூலை மாதங்களில் மூடுபனி சன்னல் வழியே அறைக்குள்ளேயே வந்துவிடுகிறது. பைண்டு செய்த தொகுதிகளின் முதுகில், பசை இருக்கும் இடத்தில்தான் பூஞ்சணம் முதலில் சாம்பல் பூத்தாற்போலத் தெரியும். வண்ணப் படங்களுக்காக வழவழப்பான ஆர்ட் தாளில் அச்சிட்ட இதழ்களின் நிலை இன்னும் மோசம்: அந்தத் தாளின் மேல் பூசியிருக்கும் மெல்லிய களிமண் பூச்சு, நனைந்து காயும்போது பக்கத்தோடு பக்கத்தை ஒட்டிவிடும். அப்படி ஒட்டிய ஒரு தாவர நோயியல் இதழை நான் பிரிக்க முயன்றபோது, இலைப்புள்ளி நோயின் படம் முழுவதும் எதிர்ப்பக்கத்து எழுத்துகளின் மேல் உரிந்து வந்தது. காய்வதற்கு முன்பே பக்கங்களுக்கிடையே மெழுகுத்தாள் வைத்தால்தான் காப்பாற்ற முடியும். விடுமுறை நாளில் கூரை ஒழுகினால் அதற்கும் வழியில்லை.

இவ்வளவையும் பார்த்த பிறகும், அச்சு இதழ்களை மொத்தமாக நிறுத்திவிடலாம் என்ற யோசனைக்கு நான் உடன்படவில்லை. அச்சு இதழின் சந்தாவை நிறுத்தினால், அதுவரை வாங்கியவை அலமாரியில் நம்முடையவையாகவே இருக்கும். மின்னிதழில் நாம் வாங்குவது பெரும்பாலும் படிக்கும் உரிமை மட்டுமே. ஒரு பதிப்பகத்தின் தொகுப்பை நாங்கள் புதுப்பிக்காத ஆண்டில், புதிய இதழ்களோடு, முன்பு பணம் கட்டிய ஆண்டுகளின் கட்டுரைகளும் சேர்ந்தே மூடிக்கொண்டன. நிரந்தர அணுகல் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை.

2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தால் இந்தக் கவலை தீர்ந்துவிட்டதாகச் சிலர் சொல்கிறார்கள். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு, பல்கலைக்கழக மானியக் குழுவின் நூலக வலையமைப்பு மையமான இன்ஃப்லிப்நெட் வழியாகக் கிடைக்கின்றன என்பது எங்களைப் போன்ற மலையோர நூலகங்களுக்குப் பெரிய வரம். நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்த 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீடு 2025 முதல் 2027 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கானது. அதை நம்பி இன்று பழைய தொகுதிகளை எடைக்குப் போடுவது சரியாகாது.

பழனி மலையில் 1899-இல் தொடங்கிய கோடைக்கானல் சூரிய ஆய்வகத்தை இங்கே நினைத்துக்கொள்கிறேன். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்த ஜான் எவர்ஷெட், 1909-இல் அதை ஆய்வகத்தின் அறிக்கை இதழிலேயே வெளியிட்டார். அந்த அறிக்கைகளை இன்று இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் மின்களஞ்சியத்தில் எவரும் படிக்கலாம். அச்சுப்படிகளை ஒரு நூற்றாண்டுக்கு மேல் யாரோ பத்திரமாக வைத்திருந்ததால்தான் அவற்றை வருடி மின்வடிவில் ஏற்ற முடிந்தது. ஒரே இடத்தில் இருப்பதைவிடப் பல இடங்களில் படிகள் இருப்பதே பாதுகாப்பு என்னும் இதே அடிப்படையில்தான், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகம் 1990-களின் இறுதியில் மின்னிதழ்களின் படிகளைப் பல நூலகங்களில் சேமித்து வைக்கும் லாக்ஸ் (LOCKSS) திட்டத்தைத் தொடங்கியது.

ஆகவே நான் இதழ் இதழாகப் பார்க்கிறேன். வேதியியல், மருந்தியல் போன்ற துறைகளின் நடப்பு இதழ்கள் மின்வடிவில் போதும். தமிழாய்வு இதழ்களையும், சிறு கழகங்கள் வெளியிடும் வட்டார வரலாற்று, பழங்குடியியல் இதழ்களையும் அச்சில்தான் வாங்க வேண்டும். அவற்றில் பலவற்றுக்கு நம்பத்தக்க மின்காப்பகம் இல்லை, நாம் வைக்காவிட்டால் வேறு எங்கும் தேட முடியாமல் போகலாம். பதிவிறக்க எண்ணிக்கை குறைவு என்பதற்காக மட்டும் ஓர் இதழை வெட்டவும் கூடாது: தோடர்களின் எருமை வளர்ப்பைப் பற்றி ஆய்வு செய்பவர் ஒருவரே இருப்பார், அவருக்கு அந்த ஓர் இதழ்தான் தேவைப்படும்.

இந்த ஆண்டுப் பட்டியலோடு ஒரு நிபந்தனையையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் நிதியில் வாங்கும் எந்த மின்னிதழானாலும், பணம் கட்டிய ஆண்டுகளுக்கு நிரந்தர அணுகல் உண்டென்று ஒப்பந்தத்தில் எழுத்தில் வர வேண்டும். அது வரும்வரை அந்த இதழின் அச்சுச் சந்தா தொடர வேண்டும்.