பரிமாணத்தை நடந்தே அளக்கலாம்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் பிள்ளைகளே, இதைக் கணினியில் செய்து பாருங்கள். ஒரு பரிமாணமான வரப்பில் முன்னும் பின்னும் தோன்றியபடி நடப்பவர் புறப்பட்ட இடத்திலேயே வந்து நிற்கும் வாய்ப்பு, அடிகள் 4 மடங்கானால் பாதியாகும். இரு பரிமாணமான அறுத்த வயலில் எல்லாப் பக்கமும் நடந்தால் கால்வாசி. 4 பரிமாணத்தில் 16இல் 1 பங்கு. ஆக, வாய்ப்பு குறையும் வேகமே பரிமாணத்தைச் சொல்லிவிடும்.

2005இல் ஆம்பியோர்ன், யுர்கீவிச், லோல் என்ற இயற்பியலாளர்கள் மூவரும் குட்டித் துண்டுகளை ஒட்டிக் கணினியில் கட்டிய குவாண்டம் காலவெளியில் (காலமும் வெளியும் சேர்ந்த மாதிரி) இப்படித்தான் நடக்கவிட்டார்கள். நீண்ட நடைக்குப் பரிமாணம் 4.02, அடிகளைப் பூஜ்ஜியம் நோக்கிக் குறைத்தால் 1.80 (±0.25). அபாரமான முடிவு! காலத்தையும் சேர்த்த எண்ணிக்கை இது.

முதல் சில அடிகளை நம்பாதீர்கள். ஒற்றைப்படை, இரட்டைப்படைக்கு மதிப்பு தாவும். ரொம்ப நீட்டினாலும் தப்பு: காலவெளி அளவுக்குட்பட்டது, நடை எங்கும் பரவிவிடும், வாய்ப்பு குறையாமல் நிற்கும், பரிமாணம் பூஜ்ஜியம் என்று வரும்.