பதினாறு கிராம் உடும்பு

காலையிலிருந்து ஒரு உடும்பு மண்டைக்குள் ஊர்ந்துகொண்டே இருக்கிறது. எடை 16 கிராம்தான்!

நம்பிக்கை வராமல் மூன்று ஏ4 தாள்களை அடுக்கிக் கையில் தூக்கிப் பார்த்தேன். சுமார் 15 கிராம். உள்ளங்கையில் இருப்பதே தெரியவில்லை. கிட்டத்தட்ட அவ்வளவு எடையில் நான்கு கால், நகம், பிளவுபட்ட நாக்கு எல்லாம் வைத்த முழு உடும்பு.

பெயர் வரானஸ் ஸ்பார்னஸ். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் இருக்கும் டேம்பியர் தீபகற்பத்தில் மட்டும்தான் இருக்கிறது. வாலோடு சேர்த்தே 23 செ.மீ. தாண்டாது. செம்பழுப்பு நிறம், உருண்டு நீண்ட உடல், குட்டைக் கால். அந்த ஊர்ச் செம்மண்ணில் அசையாமல் கிடந்தால் பக்கத்தில் நின்றாலும் கண்ணில் படாது. இப்படிப்பட்ட பிராணிகளைத் தேடுகிறவர்கள் மண்ணில் வாளியைப் புதைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். தானாக வந்து விழுந்தால்தான் உண்டு.

டிஎன்ஏவைப் பார்த்த பிறகுதான் இது தனி இனம் என்று உறுதியானது. ஊர்வன ஆய்வாளர் பால் டௌட்டியும் அவருடைய குழுவினரும் 2014இல் பெயர் வைத்தார்கள். ஸ்பார்னஸ் என்றால் கிரேக்கத்தில் 'அரிது' என்று பொருள்.

கொமோடோ டிராகனும் இதே வரானஸ் பேரினம்தான். அது மூன்று மீட்டர் வரை வளரும், மானையே அடிக்கும். ஒரே குடும்பத்தில் இப்படி ஒரு அண்ணன், இப்படி ஒரு தம்பி!

அப்புறம் ஒரு சந்தேகம். இதன் உடும்புப் பிடி எப்படி இருக்கும்? சட்டைப் பொத்தானைப் பிடித்துத் தொங்குமோ?