அப்புச்சிக்கு ஜனவரி ஒண்ணாந்தேதி

ஜூலை 28, 2025
மத்தியானம் அப்புச்சிக்கு, அதாவது என் அம்மாவின் அப்பாவுக்கு, பேங்க் அடையாளச் சரிபார்ப்பு என்று ஒரு போன். "கேஒய்சி முடிஞ்சுருச்சுங்க ஐயா, இன்னிக்குள்ள புதுப்பிக்கலீனா கணக்கு முடங்கிரும்." பேர், ஊர், ஆதாரின் கடைசி நாலு எண், பிறந்த தேதி 1.1.1948 எல்லாம் சரியாக ஒப்பித்திருக்கிறான். ஓடிபி கேட்டதும், "எனக்குக் கண்ணு தெரியாது சாமி, பேத்தி வரட்டும்" என்று வைத்துவிட்டார். கண்புரை காப்பாற்றியது.

எனக்கு உறுத்தியது அந்தத் தேதி. அப்புச்சி பிறந்தது ஆடியில். ஆதார் எடுக்கையில் தேதி தெரியாதென்றதும் ஜனவரி 1 என்று போட்டுவிட்டார்கள். அது அட்டையிலும், அட்டை நகல் போன இடங்களிலும் மட்டும்தான் இருக்கும்.

ஜூலை 29
நகல் போன இடங்களை எண்ணினேன். சிம் கடை, கேஸ் ஏஜென்சி, பழனியில் ரூம், சீட்டுக் கம்பெனி... பாதியில் விட்டுவிட்டேன்.

சாயங்காலம் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அங்கே எப்போதும் கடை நம்பருக்கு வாட்ஸப்பில் அனுப்பித்தான் பிரிண்ட் எடுப்போம். கம்ப்யூட்டரில் டவுன்லோட் ஃபோல்டர் திறந்தே கிடந்தது. யார் யாருடைய பான் கார்டோ, பாஸ்புக் முதல் பக்கமோ, ஒரு பிள்ளையின் மார்க்‌ஷீட். கீழே தேடினால் ஜூனில் நான் அனுப்பிய அப்புச்சி அட்டை! அழிக்கச் சொன்னேன். "யாருக்கா இதையெல்லாம் பாக்கப் போறா?" என்றபடி அழித்தான். ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ண வைத்துத்தான் நகர்ந்தேன். இங்கிருந்துதான் கசிந்தது என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனால் அனுப்பியவள் நான்.

ஜூலை 31
ஆதார் தளத்தில் மறைக்கப்பட்ட ஆதார் இறக்கினேன். முதல் எட்டு எண் மறைந்து கடைசி நாலு மட்டும் தெரியும். பெரும்பாலான இடத்துக்கு இது போதும்.

கைரேகையைப் பூட்டும் வசதியும் உண்டு. ஆதார் எண்ணும் ரேகையும் இருந்தால் ஓடிபி இல்லாமலே ஏஇபிஎஸ் என்ற ஆதார் வழி வங்கிச் சேவையில் கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம். பத்திர நகலிலிருந்து ரேகையைப் படியெடுத்த கும்பல்கள் பிடிபட்டிருக்கின்றன. பூட்டினேன். அப்புச்சிக்குக் கோபம்: "அப்பறம் ரேசன் எப்படி அம்மிணி வாங்கறது?" நியாயமான கேள்வி. ரேஷனுக்குப் போகும் நாளில் கொஞ்ச நேரம் திறந்துகொள்ளலாம். அந்த வேலை என் தலையில்.

ஆகஸ்ட் 1
தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அப்புச்சி பெயரில் எத்தனை சிம் என்று பார்த்தேன். ஒருவர் பெயரில் ஒன்பது வரை வைத்திருக்கலாம். மூன்று காட்டியது. ஒன்று அவருடையது, ஒன்று மாமா வைத்திருப்பது. மூன்றாவது எங்கள் யாருடையதும் இல்லை. 'இது என் எண் அல்ல' என்று கொடுத்தேன். பணம் போகவில்லை, போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடிக்க வேண்டும் என்று காலண்டர் அட்டையில் பெரிதாக எழுதி மாட்டியாயிற்று.

ஆகஸ்ட் 3
ஆடிப்பெருக்கு. பவானி கூடுதுறையில் முழுகிவிட்டு, ஈரோட்டில் ஆடித் தள்ளுபடிக்கு நுழைந்தோம். பில் போடும் பெண், "போன் நம்பருங்க?" என்றாள். வேண்டாங்க என்று நான் வாயெடுப்பதற்குள், பின்னால் பத்துப் பேர் கேட்க, அப்புச்சி பத்து எண்ணையும் கணீரென்று சொல்லி முடித்துவிட்டு, "பொறந்த தேதியும் வேணுமா கண்ணு?" என்றார்.