இடது ஓரத்துக் கை

17 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

ஆவணி பிறந்தாச்சு. சாயங்காலம் தூறல் விடவே இல்லை, அதனால் எங்கள் போட்டோக் கூட்டத்துக்கு ஏழு பேர்தான் வந்தார்கள். வடசேரியில் நண்பர் வீட்டு மாடி. ஆளுக்கு இரண்டு படம், எட்டுக்குப் பன்னிரண்டு அங்குல பிரிண்ட். போனில் காட்டக்கூடாது என்பது முதல் நாளிலேயே போட்ட கட்டுப்பாடு. விரல் நீளத் திரையில் எந்தப் படமும் நன்றாகத்தான் இருக்கும். குறையெல்லாம் பிரிண்டில்தான் எழுந்து உட்காரும்.

பள்ளியாடிக்காரர் மாத்தூர் தொட்டிப்பாலத்தைக் கொண்டுவந்திருந்தார். 1966-ல் கட்டிய பாலம், 28 தூண், பறளியாற்றிலிருந்து 115 அடி உயரம். கீழே நின்று கொஞ்சம் அண்ணாந்து எடுத்திருக்கிறார். தூண்கள் எல்லாம் மேலே போகப் போக உள்பக்கமாகச் சாய்கின்றன. "உயரத்தைக் காட்டணும்னு எடுத்தியளா, வரிசையைக் காட்டணும்னு எடுத்தியளா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு உயரம் என்றார். அப்படியானால் தூணை ஒட்டி நின்று இன்னும் நன்றாக அண்ணாந்திருக்கணும். அந்தச் சாய்வே உயரத்தைச் சொல்லியிருக்கும். வரிசைதான் வேண்டுமென்றால் பின்னால் போய் கேமராவை நேராகப் பிடித்துவிட்டு, கீழே மிஞ்சுகிற தரையைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். இப்போது ரெண்டும் கெட்டானாக இருப்பதுதான் கண்ணை உறுத்துகிறது. அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. மனுஷன் அடுத்த வாரமே திரும்பப் போவார்.

அடுத்தது முட்டத்துத் தம்பி. கூட்டத்துக்கு வந்து இரண்டு மாசம்தான் ஆகிறது. கரமடி, அதாவது கரையில் நின்று இழுக்கிற வலை, அதை இழுக்கிற படம். பத்துப் பன்னிரண்டு பேர் கம்பாக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்து நிற்கிறார்கள். ஈர மணலில் குதிகால் புதைந்திருக்கிறது. காலை வெயில் முதுகுகளில் பட்டு மின்னுகிறது. நல்ல படம். ஆனால் இடது ஓரத்தில் ஒரு கை, வெறும் மணிக்கட்டு வரைக்கும், எங்கிருந்தோ நீட்டிக்கொண்டிருந்தது.

என்னிடம் 'ட' வடிவத்தில் வெட்டிய இரண்டு கறுப்பு அட்டைகள் இருக்கின்றன. எனக்குப் படம் சொல்லித்தந்த பழைய ஸ்டூடியோக்காரர் கொடுத்தது. ஓரமெல்லாம் நைந்து வெளுத்துவிட்டது. பிரிண்ட் மேல் வைத்து நகர்த்தினால் எங்கே வெட்டலாம் என்று கண்ணுக்கே தெரியும். அதை வைத்து இடது ஓரத்தை மூடினேன். "இந்தக் கையை எடுத்துடுங்க தம்பி, படம் சுத்தமாயிரும்." மற்றவர்களும் ஆமா ஆமா என்றார்கள்.

தம்பி "சரிண்ணே" என்றான். பிரிண்டைச் சுருட்டிப் பைக்குள் வைத்தான். தட்டு நிறைய ரசவடை இருந்தும் ஒன்றைக்கூடத் தொடவில்லை. சீக்கிரமே கிளம்பிவிட்டான்.

18 ஆகஸ்ட், திங்கள்

கடையில் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாலும் நினைப்பெல்லாம் அந்த "சரிண்ணே"யிலேயே நின்றது. பிரிண்டை யாரும் அப்படிச் சுருட்ட மாட்டார்கள். ராத்திரி போன் போட்டேன்.

"அண்ணே, அது எங்க அப்பாக்க கையாக்கும்."

கரமடியில் கயிறு இரண்டு தலை. இரண்டையும் இரண்டு கூட்டமாகப் பிடித்து, தள்ளித் தள்ளி நின்று இழுப்பார்கள். வலையின் பையான மடி கரையை நெருங்க நெருங்க இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்து நகர்ந்து வரவேண்டும். ஒரு பக்கம் பிந்தினால் மடி கோணும், மீன் போய்விடும். எப்போது நகரணும் என்று கையைக் காட்டுவது அவன் அப்பா. படத்தில் இருக்கிற பத்துப் பேரும் அந்தக் கைக்குத்தான் காத்து நிற்கிறார்கள்.

அதைத்தான் நான் அட்டை வைத்து மூடினேன்.

பள்ளியாடிக்காரரிடம் கேட்ட கேள்வியை இவனிடம் ஏன் கேட்கவில்லை? அவர் வயசில் மூத்தவர், இவன் பையன். வேறு காரணம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவன் "அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே" என்றான்.

ஆனால் இதையும் எழுதத்தான் வேண்டும். ஓரம் உறுத்துகிறது என்று என் கண் சொன்னது தப்பில்லை. முன்பின் தெரியாத ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்தால் கை தெரியாமல் உள்ளே வந்துவிட்டது என்றுதான் நினைப்பார். நோய் சரி, நான் எழுதிக் கொடுத்த மருந்துதான் தப்பு. வெட்டுவதற்குப் பதில், இரண்டு அடி இடப்பக்கம் நகர்ந்து முழங்கை வரைக்குமாவது உள்ளே கொண்டுவா என்று சொல்லியிருக்கணும். அதைச் சொன்னதும் அவன் குரலே மாறிவிட்டது. "அப்போ மூஞ்சியும் வேணுமாண்ணே?" என்றான். அரை மணி நேரம் பேசினோம்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று முறையை மாற்றினோம். படத்தை மேஜையில் வைத்ததும் ஒரு நிமிஷம் யாரும் வாய் திறக்கக்கூடாது. பிறகு ஒவ்வொருவரும் தனக்கு முதலில் என்ன தெரிகிறது என்பதை மட்டும் சொல்லணும். நல்லது கெட்டது பேச்சே கிடையாது. அதற்குப் பிறகு எடுத்தவர் பேசலாம். கடைசியில்தான் யோசனை. எடுத்தவர் வாயை மூடிக்கொண்டு கேட்பது பெரிய பாடு, ஆனால் பலன் இருக்கிறது. தான் காட்ட நினைத்ததை ஏழு பேரில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை என்றால் அதற்கு மேல் யாரும் எதுவும் விளக்க வேண்டியதில்லை.

ஆரல்வாய்மொழிக் காற்றாலைப் படம் அப்படித்தான் மாட்டியது. எடுத்தவர் கணவாய்க் காற்றைக் காட்ட நினைத்திருக்கிறார். ஏழு பேரில் ஐந்து பேர் சொன்னது, "காத்தாடி ஓடாம நிக்குது." ஷட்டர் திறந்திருந்தது 1/2000 நொடி. இறக்கைகள் ஆணி அடித்தது மாதிரி நிற்கின்றன. 1/30-க்கோ 1/15-க்கோ இறக்கி, கேமராவை ட்ரைபாடில் வைத்தால் இறக்கை சுழன்று கலங்கும், தூண் கூர்மையாக நிற்கும். வெயிலில் வெளிச்சம் கூடிவிடும் என்றால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, 100-க்கு இறக்கி, விடியற்காலையில் போகலாம். முன்னால் ஒரு பனை இருந்தால் ஓலை எந்தப் பக்கம் பறக்கிறது என்பதே பாதி வேலையைச் செய்துவிடும்.

"சூப்பர்" என்ற வார்த்தைக்குத் தடை போடலாமா என்று ஒருவர் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். சொல்லட்டும், ஆனால் எந்த இடம் சூப்பர் என்று விரல் வைத்துக் காட்டட்டும். அப்படிக் காட்ட முடியாத பாராட்டை வாங்கிக்கொண்டு போய் அடுத்த படத்தில் ஒன்றும் செய்ய முடியாது.

முட்டத்துத் தம்பி வரவில்லை.

28 ஆகஸ்ட், வியாழன்

தக்கலையிலிருந்து வரும் நர்ஸ் அம்மா மதியம் கடைக்கு வந்து பிரிண்டை நீட்டினார். பத்மநாபபுரம் அரண்மனையின் கறுப்புத் தரை, ஜன்னல் வெளிச்சம் அதில் விழுந்து கிடக்கிறது. "நேர்ல கண்ணாடி மாதிரி கறுப்பா இருந்துச்சு, படத்துல சாம்பல் பூசின மாதிரி வந்திருக்கு, கேமரா கேடோ?" என்றார்.

கேமராவில் கேடு ஒன்றும் இல்லை. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பலாகத்தான் கணக்குப் போடும். முழுக்கக் கறுப்பைக் காட்டினால் இடமே இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதிகிற வெளிச்சத்தை, ஒரு படி குறைத்து எடுத்துப் பாருங்கள் என்றேன். மறுபடி ஒருநாள் போவதாகச் சொல்லிவிட்டு, இருமல் மருந்தும் வாங்கிக்கொண்டு போனார்.

4 செப்டம்பர், வியாழன், தோவாளை

நாளை திருவோணம். அதிகாலையிலேயே மூன்று பேர் தோவாளைப் பூச்சந்தைக்குப் போய்விட்டோம். கேந்தி, வாடாமல்லி, அரளி, பிச்சி எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. ஓணத்துக்குக் கேரளம் போகிற வண்டிகள் ரோட்டோரம் வரிசையாக நிற்கின்றன. கால் வைக்கிற இடமெல்லாம் நசுங்கின பூ, வாசனை தொண்டையை அடைக்கிறது.

பிச்சிப் பூக்குவியலை எடுத்தால் நர்ஸ் அம்மாவின் தரைக்கு வந்த வினையே தலைகீழாக வந்தது. வெள்ளை சாம்பலாகிறது. முக்கால் படி கூட்டினேன். அதற்கு மேல் போனால் இதழ் மடிப்பெல்லாம் வெளுத்து வெறும் தாளாகிவிடும். ஒரு பக்கம் எல்இடி விளக்கு, மறுபக்கம் விடியற்கால நீலம். ஒரே குவியல் பாதி பச்சையாகவும் பாதி நீலமாகவும் வந்தது. வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸை எந்த வெளிச்சத்துக்கு வைத்தாலும் மற்றது பழி வாங்கும். விளக்கைவிட்டுத் தள்ளிப் போய், வெளிச்சம் ஒன்றாக இருக்கிற கடைகளில் எடுத்தோம்.

தோவாளைத் தங்கச்சி வீட்டில் தலைமுறையாக மாலை கட்டுகிறார்கள். ஏழரை மணிக்கு அவர் வீட்டுத் திண்ணையில் கருப்பட்டிக் காப்பியோடு கேமராத் திரையைக் காட்டினேன். எனக்கே பிடித்த ஒரு படம். மஞ்சள் மூட்டையைத் தலையில் சுமந்து ஒருவர் வெளிச்சத்துக்குள் நடந்து வருகிறார். தங்கச்சி கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க. பூவுக்க நிறம் தெரியுது, எடை தெரியல. அவ்வளவு பெரிய மூட்டை. நீங்க தூரத்துல நின்னு மஞ்சளைப் பாத்துட்டீங்க. அவருக்க கழுத்து நரம்பைப் பாக்கல."

பெரிதாக்கிப் பார்த்தேன். உண்மைதான். முகமும் கழுத்தும் மூட்டை நிழலுக்குள் கறுத்துக் கிடக்கின்றன. இருபது வருஷமாகப் படம் எடுக்கிறேன், எந்த லென்ஸ், எந்த எண் என்று எத்தனையோ பேர் எனக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். சுமந்து பழகின வீட்டிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை.

8 செப்டம்பர், திங்கள்

நேற்று ராத்திரி முழு சந்திர கிரகணம். காலையில் எழுந்ததும் போனில் காத்திருந்தது கல்லூரிப் பையனின் படம். திருவள்ளுவர் சிலையின் தோள் பக்கத்தில் செக்கச்சிவந்த நிலா, சிலையில் பாதி உயரத்துக்கு. கூட்டத்தில் எல்லாரும் அதற்குள் போனிலேயே கைதட்டி முடித்திருந்தார்கள்.

அது நடக்காத காரியம். கிரகணத்தின் உச்சம் 11.41-க்கு. அந்நேரம் நிலா கிட்டத்தட்ட நம் உச்சந்தலைக்கு மேல் இருந்தது, சிலைத் தோளுக்கு எப்படி வரும்? அளவும் சேரவில்லை. நூற்றுப்பத்து மீட்டர் தள்ளி இருக்கிற ஒரு மீட்டர் அகலப் பொருளும் நிலாவும் கண்ணுக்கு ஒரே அளவு. கரையில் அரைக் கிலோமீட்டரில் நின்று எடுத்தால் நிலா சிலைப் பக்கத்தில் பதினைந்து அடி அளவுக்குத்தான் தெரியும். சிலையோ பீடம் 38 அடி, மேலே 95 அடி, மொத்தம் 133. பாதி உயரத்துக்கு நிலா வேண்டுமென்றால் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போகணும்.

எல்லார் முன்னாலும் எழுத விரல் போனது. நிறுத்திவிட்டேன். பத்தொன்பது வயசு. கைதட்டினவர்கள் முன்னால் ஒட்டுவேலை என்று சொன்னால் கேமராவையே வைத்துவிடுவான். சொல்லாமல் விட்டால் இன்னும் மோசம், இதுதான் வழி என்று நினைத்துக்கொள்வான். மத்தியானம் அவனை மட்டும் கூப்பிட்டேன். "மக்களே, நிலா எங்க நின்னு எடுத்தே?" என்று மட்டும் கேட்டேன்.

சட்டென்று ஒத்துக்கொண்டான். நிலா வீட்டு மொட்டை மாடியில், சிலை போன மாசம். இரண்டையும் சேர்ப்பது பாவமில்லை, சேர்த்தது என்று கீழே ஒரு வரி எழுதிவிடு, அதுதான் உன் பேருக்கு நல்லது என்றேன். நிலா தனியாக எடுத்தது எவ்வளவு கூர்மையாக வந்திருக்கிறது என்பதையும் சொன்னேன், அது நிஜமாகவே நன்றாக வந்திருந்தது. பிறகு அடுத்த முழுநிலாவுக்குக் கணக்குப் போட்டோம். அக்டோபர் 6 சாயங்காலம் கிழக்கே கடலிலிருந்து எழும்பும்போது தாழத்தான் இருக்கும், வானத்திலும் நீலம் மிச்சம் இருக்கும், சிலையும் நிலாவும் ஒரே எக்ஸ்போஷருக்குள் அடங்கும். எங்கே நின்றால் நேராக வரும் என்று முந்தின நாளே கரையில் நடந்து பார்த்து வைக்கணும். ராத்திரி பார்த்தேன், படத்துக்குக் கீழே அந்த ஒரு வரியைச் சேர்த்திருந்தான்.

14 செப்டம்பர், ஞாயிறு

முட்டத்துத் தம்பி வந்தான். கையில் புதுப் பிரிண்ட், இந்தத் தடவை சுருட்டாமல் அட்டைக்குள் வைத்து.

ஒரு நிமிஷம் மௌனம். படத்தின் நடுவில் அவன் அப்பா, முழு உருவம், கையை உயர்த்தி, முகம் கேமராவைப் பார்த்து. பின்னால் மணல். ஒவ்வொருவராகச் சொன்னார்கள்: கம்பீரமான பெரியவர், வெயில் பட்ட முகம், யாரையோ கூப்பிடுகிறார். பள்ளியாடிக்காரர், "பஸ்ஸை நிறுத்துறாரோ?" என்று நிஜமாகவே கேட்டார்.

என் முறை வந்தது. போன மாசத்துத் தப்புக்குப் பரிகாரமாக இதைப் புகழ்ந்துவிடலாம் என்று மனசு இழுத்தது. புகழ்ந்தால் இரண்டாவது தடவையும் அவனுக்கு உதவாமல் போவேன். "தம்பி, முதல் படத்துல கயிறு இருந்துச்சு, அப்பா இல்ல. இதுல அப்பா இருக்காரு, கயிறு இல்ல. அவரு கேமராவைப் பாக்கிறதால அந்தக் கைக்கு வேலையே இல்லாமப் போச்சு" என்றேன். சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்தேன்.

சிரித்தான். "வீட்ல அப்பாகிட்ட காட்டினேன்ணே. பாத்துட்டு, 'நான் இருக்கேன் சரி, மடி எங்கலே?'ன்னு கேட்டாரு."

மேஜையில் ஒரு தாளை விரித்து அவனே வரைந்து காட்டினான். இரண்டு கயிறு, நடுவில் மடி, அப்பா நிற்கிற இடம். தரையில் நின்று எடுத்தால் ஒன்று மறைந்தால்தான் மற்றது தெரியும். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே இருக்கிற பாறை மேல் ஏறினால் இரண்டு கயிறும் கடலுக்குள் போவது தெரியும், அப்பாவின் முதுகும் கையும் முன்னால் வரும். கடல் அடங்கியிருந்தால் புதன்கிழமை மடி இறக்குகிறார்களாம். நானும் வரலாமா என்று கேட்டேன். ஐந்தரைக்கு முன்னாலேயே பாறைக்கு வந்துவிடணும் என்றான், அதற்குப் பிறகு அப்பா யாருக்காகவும் காத்திருக்க மாட்டாராம். கறுப்பு அட்டைகளை அவனிடம் கொடுத்தேன். ஒன்றை எடுத்து வரைபடத்தின் இடது ஓரத்தில் வைத்துப் பார்த்தான், பிறகு வெளிப்பக்கமாக நகர்த்தினான்.