சைட்டிலிருந்து ஆபீஸுக்கு மாறியபோது

சோமனூர், பல்லடம் பக்கம் மில் வேலை, பெருந்துறை சிப்காட்டில் மின் பேனல் மாற்றுவது என்று வெயிலிலேயே இருந்தவன் நான். மின் ஒப்பந்த வேலை எடுக்கும் எங்கள் நிறுவனம் கோவை ஆபீஸில் மேனேஜராக உட்காரச் சொன்னது. இப்போது அதே மாற்றத்தில் இருக்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன்.

கம்ப்யூட்டரை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். எக்ஸெல்லில் பில் போடுவது, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ப்பது எல்லாம் சீக்கிரமே கைக்கு வந்துவிடும். எனக்கு அக்கவுண்ட்ஸ் பார்க்கும் அக்காதான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்.

கொட்டேஷனில் சைட் அனுபவம் பெரிய பலம். டிராயிங்கில் டிரான்ஸ்ஃபார்மருக்கும் பேனலுக்கும் நடுவே ஒரே கோடுதான் இருக்கும். கேபிளோ குழிக்குள் இறங்கி, சுவரைச் சுற்றி மேலே ஏற வேண்டும். இரண்டு முனையிலும் கேபிளை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட் போட்டு, கம்பி நுனியில் இணைப்புக்கான லக் அடிக்க நீளம் விட வேண்டும். நாளைக்குப் பழுது வந்தால் வெட்டிச் சேர்க்க ஒரு லூப்பும் வேண்டும். 3.5 கோர் 240 ஸ்கொயர் மாதிரி தடிமனான கேபிளில் நாலு மீட்டர் விட்டுப்போனாலும் லாபத்தில் கை வைத்துவிடும்.

உண்மையான கஷ்டம் லைன் கிளியர் (எல்.சி.) நாட்களில்தான், அதாவது கரண்ட்டை நிறுத்தி, வேலை செய்யலாம் என்று எழுத்தில் அனுமதி வாங்கும் நாட்களில். சைட்டில் இருந்தவரை லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்ச் திறந்திருக்கிறதா, மிச்சக் கரண்ட்டைத் தரைக்கு இறக்கும் டிஸ்சார்ஜ் ராடு மாட்டியாச்சா என்று என் கண்ணால் பார்த்த பிறகே ஏறுவேன். இப்போது ஏறுவது வேறு வீட்டுப் பையன். மில்காரர் போன் செய்வது எனக்கு.

"ஏனுங்க, ஷிப்ட் ஆளுங்க எல்லாம் சும்மா உக்காந்திருக்காங்க. பசங்களைச் சீக்கிரம் ஏறச் சொல்லுங்க."

"எல்.சி. பேப்பர் கைக்கு வரட்டுங்க. வந்ததும் ஆரம்பிச்சுருவாங்க."

எத்தனை முறை கேட்டாலும் இதே பதில்தான். யார் அவசரப்படுத்தினாலும் போனை என்னிடம் கொடுத்துவிடு என்று எல்லா சைட்டிலும் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த அவசரம் பையன் காதுக்குப் போகாமல் வாங்கிக்கொள்வதுதான் மேனேஜரின் முதல் வேலை என்று நினைக்கிறேன்.

அப்புறம், போனிலேயே சைட்டைப் பார்க்கப் பழக வேண்டும். "எல்லாம் ஓகேங்கண்ணா" என்றால் நான் விடுவதில்லை.

"ராடு எந்தப் பக்கம் மாட்டியிருக்கே?"

"லைன் பக்கமுங்கண்ணா."

"ஜெனரேட்டர் இருக்கிற மில்லு கண்ணு. அந்தப் பக்கமிருந்தும் கரண்ட் திரும்பி வரலாம். அங்கயும் மாட்டிட்டு போட்டோ அனுப்பு."

போட்டோ வந்த பிறகுதான் சரி சொல்வேன். மில்காரருக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை.

இன்னும் இரண்டு விஷயம். ஆபீஸுக்கு வந்துவிட்டோமே என்று சூப்பர்வைசர் சான்றிதழைப் புதுப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். வெளியூர் பேட்டாவும் ஓ.டி.யும் நின்றுபோகும் என்பதால், புதுச் சம்பளம் பேசும்போது அதையும் கணக்குப் போட்டு முதலிலேயே கேட்டுவிடுங்கள்.